மீதி ரெண்டு கிரெடிட்

கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு சமையல் கல்லூரி இருந்தது. அதற்குத் துறைத் தலைவர் பிரகாசி. வயசு முப்பதுகூட ஆகவில்லை. அதிகம் பேச மாட்டார். யாராவது சந்தேகம் கேட்டால் பதிலுக்கு ஒரு வேலை கொடுத்துவிடுவார். அதனால் பிள்ளைகள் யோசித்துத்தான் சந்தேகம் கேட்பார்கள்.

ஜூன் மாசத்தில் ஒருநாள் கோகிலவாணி வந்து நின்றாள். கோயம்புத்தூர்க்காரி. பிரகாசியைவிட ரெண்டு வயசு மூத்தவள். இடுப்பில் மூணு வயசு மகள் தாரணி. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

"உக்காருங்கக்கா" என்றார் பிரகாசி.

துறைத் தலைவர் தன்னை அக்கா என்றதும் கோகிலவாணிக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

ஊரில் ரெண்டு வருஷம் இதே படிப்பைப் படித்தவள் அவள். தாரணி பிறந்ததும் நின்றுபோனது. இப்போது வீட்டுக்காரருக்கு இங்கே துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை கிடைத்துக் குடும்பமே இடம் மாறி வந்துவிட்டது. கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் ஒரே லாரியில் வந்து சேர்ந்தன. படிப்பை மட்டும் அப்படி ஏற்றிவர முடியவில்லை.

கல்லூரியில் ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை கிரெடிட் என்று உண்டு. ஒரு பல்கலைக்கழகத்தில் வாங்கினதை இன்னொரு பல்கலைக்கழகம் ஒத்துக்கொண்டால் விட்ட இடத்திலிருந்து படிக்கலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் மறுபடியும் படிக்க வேண்டியதுதான்.

கோகிலவாணி உறையிலிருந்து இங்குள்ள பல்கலைக்கழகத்தின் கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

"எல்லாப் பாடத்தையும் ஒத்துக்கிட்டாங்க மேடம். ஒண்ணை மட்டும் இழுத்து வெச்சிருக்காங்க. மொத்தச் சமையல்."

பிரகாசி படித்தார். நூறு பேருக்குச் சமைக்கிற பாடம் அது. அங்கே ஆறு கிரெடிட். இங்கே அதே பாடத்துக்கு நாலுதான். அந்த நாலைக் கொடுக்கலாமா என்று துறைத் தலைவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தது.

"நான் வேண்டாம்னு எழுதிட்டா?"

"ரெண்டாம் வருஷத்துல உக்காரணுங்க. ரெண்டு வருஷம் ஆயிரும். எங்க அத்தை ஒரே ஒரு வருஷந்தான் புள்ளையப் பாத்துக்குவாங்க. அதுக்கு மேல ஒரு நாள்கூட இருக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணித்தான் பஸ் ஏறுனாங்க."

"சத்தியம் பண்ணிட்டா பஸ் ஏறுனாங்க?"

"ஆமாங்க. மருதமலை முருகன் மேல."

பிரகாசி சிரித்தார்.

அதற்குள் தாரணி தண்ணி கேட்டாள். பிரகாசி எழுந்துபோய்ச் சமையல்கூடத்துப் பானையிலிருந்து ஒரு தம்ளர் கொண்டுவந்தார். பிள்ளை ஒரு வாய் குடித்தது. முகத்தைச் சுளித்தது. அப்படியே மேசைமேல் துப்பியது.

கோகிலவாணிக்கு உயிரே போயிற்று.

"தண்ணியக்கூடவா துப்புவே? கழுதை!" துப்பட்டாவால் மேசையைத் துடைத்தாள். "மன்னிச்சுக்குங்க மேடம். இவளுக்கு எதுக்கெடுத்தாலும் அடம்."

பிரகாசி பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

கோகிலவாணி போகத் தயங்கினாள்.

"மேடம், ஒரு சந்தேகமுங்க."

"கேளுங்கக்கா."

"நாலு குடுத்தீங்கன்னாலே எனக்குப் போதும். ஆனா அங்க ஆறு வாங்குனேனுங்க. எட்டு மாச வயித்தோட அடுப்புக்கு முன்னாடி நின்னு வாங்குனது. இங்க வந்ததும் நாலா ஆயிருச்சு. மீதி ரெண்டு எங்கீங்க போச்சு?"

பிரகாசி கடிதத்தை மடித்தார்.

"நாளைக்கு நம்ம ஹாஸ்டல்ல நூறு பேருக்குச் சாம்பார் வைங்க. பன்னெண்டரைக்கு மணி அடிக்கும்."

மறுநாள் தாரணியை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கோகிலவாணி எட்டு மணிக்கே வந்துவிட்டாள். கூடமாட உதவி செய்ய மூணாம் வருஷத்து இன்ஃபன்டா வந்தாள். உள்ளூர்ப் பெண். கைக்கு முன்னால் வாய் வேலை செய்யும்.

"யக்கா, உங்க ஊர்ல எல்லாத்துக்கும் 'ங்க' போடுவீங்களாமே. சாம்பாருக்கும் போடுவீங்களா?"

"கடைசியா எறக்குறப்போ போடுவோமுங்க."

இன்ஃபன்டா விழுந்து விழுந்து சிரித்தாள். ரெண்டு பேரும் அப்போதே ஒட்டிக்கொண்டார்கள்.

ஹாஸ்டல் சமையற்கட்டில் ரெண்டு குழாய் இருந்தன. ஒன்று பாத்திரம் கழுவ. இன்னொன்று கிணற்றிலிருந்து வருவது.

"இது நல்ல தண்ணிங்களா?"

"நல்ல தண்ணிதான்க்கா. இந்தத் தண்ணியிலதான் எங்கம்மா எனக்குப் பால்பவுடர் கரைச்சுக் குடுத்தாவ. நான் நல்லாத்தானே இருக்கேன்?"

கோகிலவாணி துவரம்பருப்பைப் போட்டாள். அரை மணி ஆயிற்று. ஒரு மணி நேரமும் ஆயிற்று. பருப்பு கூழாங்கல் மாதிரி அப்படியே கிடந்தது.

"பழைய பருப்புங்க போல."

"போன வாரம் வாங்குனதுக்கா."

"அப்பக் கடைக்காரன் பழசு."

ஒருவழியாகப் பருப்பு வெந்தது. பூசணிக்காய் வெந்தது. புளி ஊற்றி, பொடி போட்டு, கொதி வந்தது. கோகிலவாணி கல்லுப்பு டப்பாவைத் திறந்தாள்.

ஊரில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த சார் கரண்டி, தராசு எதையும் நம்பாதவர். கைதான் அளவு என்பார். நூறு பேர் சாம்பாருக்கு ஐந்து பிடி. அந்த ஐந்து பிடிக்குத்தான் வகுப்பிலேயே அதிக மார்க் அவளுக்கு.

மூணு வருஷமாக நூறு பேருக்கு உப்புப் போட்டதில்லை. ஆனாலும் கை மறக்கவில்லை. ஒன்று. ரெண்டு. மூணு. நாலு. ஐந்து. ஒரு கல் கீழே சிந்தவில்லை.

"யம்மாடி" என்றாள் இன்ஃபன்டா. "கோயில்ல விபூதி குடுக்க மாதிரியே போடுதீங்க."

அடுப்பை அணைத்துவிட்டு ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினாள் கோகிலவாணி.

மறுபடியும் ஒரு சொட்டு விட்டாள்.

"என்னக்கா?"

"நீயும் பாரு சாமி."

இன்ஃபன்டா பார்த்தாள். கண்ணை இறுக்கி மூடினாள். "கடல்ல குதிச்ச மாதிரி இருக்குக்கா."

மணி பதினொன்றே முக்கால்.

கோகிலவாணி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதே கை. அதே ஐந்து பிடி. மாமியார் முருகன்மேல் செய்த சத்தியம் காதில் கேட்டது.

"ஒரு குடம் தண்ணி ஊத்துங்க. சரியாயிரும்" என்றாள் இன்ஃபன்டா.

ஊற்றினார்கள். கொதிக்கவிட்டார்கள். நக்கிப் பார்த்தார்கள். சாம்பார் நீர்த்ததே தவிரக் கரிப்பு போகவில்லை.

"இன்னொரு குடம்?"

கோகிலவாணி குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு தம்ளரை எடுத்து அந்தத் தண்ணியை மொண்டு குடித்தாள்.

அவள் முகமும் அப்படியே சுளித்தது. நேற்று பிள்ளைக்குச் சுளித்த மாதிரியே.

"அடக் கெரகமே!" என்றாள். "எம்புள்ள நேத்தே சொன்னாளே! கழுதைன்னு திட்டிப்போட்டேனே!"

"என்னக்கா சொன்னா?"

"இந்தத் தண்ணி உப்புக் கரிக்குதுன்னு!"

"கரிக்குதா?" இன்ஃபன்டா வாங்கிக் குடித்தாள். நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தாள். "ஒண்ணும் கரிக்கலியேக்கா. தண்ணி மாதிரிதானே இருக்கு?"

கோகிலவாணி வீட்டில் குடிக்க, சமைக்க எல்லாத்துக்கும் கேன் தண்ணிதான். வந்து ஒரு மாசமாகியும் இந்த ஊர்த் தண்ணி ஒரு வாய்கூட அவள் நாக்கில் பட்டதில்லை. பருப்பு ஏன் வேகவில்லை என்பதும் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பருப்புக் கடைக்காரனிடம் மனசுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இன்ஃபன்டா, ஹாஸ்டல்ல குடிக்கக் கேன் தண்ணி இருக்கும்ல? நாலு கேன் தூக்கிட்டு வாங்க. பாசிப்பருப்பு எத்தனை கிலோ இருக்கு? அந்தப் பக்கம் பொரியல் செய்யுற புள்ளைங்ககிட்ட உப்பே போட வேண்டாம்னு சொல்லிப்போடுங்க. மிச்சப் பூசணிக்காயையும் நறுக்குங்க."

கேன் தண்ணியில் பாசிப்பருப்பு கால் மணியில் வெண்ணெய் மாதிரி வெந்தது. உப்பில்லாத பருப்பும் உப்பில்லாத பூசணியும் சாம்பாரில் விழுந்தன. அண்டா கொள்ளாமல் பாதியை வேறு அண்டாவுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. இன்ஃபன்டா நக்கிப் பார்த்தாள்.

"யக்கா! வெளுத்து வாங்கிட்டீங்க. இப்ப யாரு குடிச்சாலும் கண்டுபிடிக்க முடியாது."

மணி பன்னெண்டு இருபது. கோகிலவாணி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மேடத்துக்கிட்டச் சொல்லிட்டு வந்தர்றேன்."

"என்னன்னு?"

"உப்பு கூடிப் போச்சுன்னு."

"உங்களுக்குக் கிறுக்காக்கா? அதான் சரி பண்ணியாச்சே! கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியா போய்ச் சொல்லுவாங்க?"

"நாளைக்கும் உப்புப் போடப் போறது இதே கைதானே சாமி" என்றாள் கோகிலவாணி.

பிரகாசி சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரில் அந்தக் கடிதம். பக்கத்தில் பேனா.

"மேடம், உப்பு கூடிப் போச்சுங்க. சரி பண்ணியாச்சு. ஆனா கூடிப் போச்சுங்க."

"எவ்வளவு கூடுச்சு?"

"ஒன்றரைப் பிடிங்க."

"அவ்வளவு சரியா எப்படிச் சொல்லுதீங்க?"

"நான் அஞ்சு பிடி போட்டேனுங்க. எங்க ஊருக்கு அது சரி. இங்க மூணரை போட்டாப் போதும். மீதி ஒன்றரைப் பிடி உங்க தண்ணியில முன்னாடியே கெடக்குதுங்க."

பிரகாசி நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"எம்புள்ள நேத்தே சொன்னாளுங்க. எனக்குத்தான் வெளங்கலீங்க."

"ஆமா. நானும் பாத்தேன்."

"அப்ப அவளுக்குத்தான் ஒரு கிரெடிட் போடணும் மேடம்" என்றாள் பின்னால் கரண்டியோடு வந்து நின்ற இன்ஃபன்டா.

மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு ஓடிவந்தார்கள். பத்து நிமிஷத்தில் சாப்பாட்டுக்கூடம் முழுக்க உறிஞ்சுகிற சத்தம்தான். "பொரியல்ல உப்பே இல்ல" என்று ஒருவன் கத்தினான். "சாம்பார ஊத்திப் பெசைடா, சரியாருக்கும்" என்றான் இன்னொருவன். ரெண்டாம் தடவை கேட்டு வரிசை நின்றது. மாற்றிவைத்த அண்டாவும் காலியாயிற்று.

பிரகாசியும் சாப்பிட்டார். தட்டை வழித்துச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து கடிதத்தைப் பிரித்தார். மொத்தச் சமையல் என்ற இடத்துக்கு நேராக நாலு என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

கோகிலவாணி கடிதத்தை ரெண்டு கையாலும் வாங்கினாள். வாங்கின பிறகும் நின்றுகொண்டே இருந்தாள்.

"என்னக்கா?"

"நேத்துக் கேட்டேனுங்களே மேடம். அங்க ஆறு. இங்க நாலு."

"ம்."

"அந்த மீதி ரெண்டு எங்கீங்க போச்சு?"

பிரகாசி மேசையிலிருந்த தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எங்கயும் போகலக்கா. இங்க தண்ணியிலதான் கெடக்கு."