எள்ளுத்தாத்தா எந்தப் பானையில் இருக்கிறார்

கூழைக்குளம் முத்துக்காளைக்கு நாலு மகன்கள். நாலு பேருக்கும் மூளை கிடையாது என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அது வீண்பழி. மூளை இருந்தது. நாலு பேருக்கும் பொதுவில் ஒன்று இருந்தது. எந்த நேரத்தில் அது யாரிடம் இருக்கிறது என்பதுதான் அவர்களுக்கே தெரியாது.

மூத்தவன் சடையப்பன். அவனுக்கு அடுத்து பூமாலை, சங்கிலி, நல்லமுத்து. சடையப்பனுக்கு நாற்பது வயது ஆகியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் கொடுக்க மறுத்த வீடுகளை எல்லாம் அவன் மனசில் குறித்து வைத்திருந்தான். அந்த வீடுகள் இருக்கிற தெருவில் கால் வைக்க மாட்டான். இப்படியே போய் அவனுக்கு நடக்க ஊரில் தெருவே இல்லாமல் போய்விட்டது. ஒரு கட்டு பீடி வாங்க வேண்டுமென்றாலும் வயல் வரப்பைச் சுற்றித்தான் கடைக்குப் போவான்.

அப்படிப்பட்டவனுக்கு மேலப்புதூர் காளியப்பன் தன் மகள் தங்கப்பொண்ணைக் கொடுக்கச் சம்மதித்தார். அதற்குக் காரணம் அவள்தான். சந்தையில் ஒருநாள் ஒரு மாடு இவனுக்கு வழிவிட்டு நின்றது. இவன் மாட்டுக்கு வழிவிட்டு நின்றான். இரண்டு பேரும் வெகுநேரம் அசையவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கப்பொண்ணு வீட்டுக்குப் போய், “அப்பா, அந்த மனுசன் ஒரு மாட்டைக்கூட அதட்டலை. அவரையே பாருங்க” என்று சொல்லிவிட்டாள்.

எல்லாம் கூடிவந்த சமயத்தில் மலையாண்டி குறுக்கே விழுந்தார். அவர் காளியப்பனுக்குப் பங்காளி. தன் அக்காள் மகனுக்குத் தங்கப்பொண்ணைக் கட்டிவைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதனால், “கூழைக்குளத்துக்காரங்களும் நமக்குப் பங்காளின்னு சொல்வாங்களேப்பா. ஆதியிலே ஒரே தகப்பன் வழியாமே” என்று காளியப்பன் காதில் ஓதிவிட்டார்.

பங்காளி என்று ஆகிவிட்டால் பெண் தங்கச்சி முறை. தாலி கட்ட முடியாது. காளியப்பன் சடையப்பனைக் கூப்பிட்டு, ஆடி முடிவதற்குள் உங்கள் முன்னோர்களைத் தேடிப் பார்த்து நாம் மாமன் மச்சான்தான் என்று ருசுப்படுத்து, இல்லையென்றால் ஆவணியில் பெண்ணை மலையாண்டியின் அக்காள் மகனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சடையப்பனுக்கு மலையாண்டியோடு முன்னமே ஆகாது. அவர் வீட்டுக் காதுகுத்தில் பந்தி பரிமாறினவன் இவன் இலையை மட்டும் விட்டுவிட்டு அடுத்த இலைக்கு அப்பளம் போட்டுவிட்டான். அந்தப் பந்தியில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் செத்துப்போய்விட்டார்கள். சடையப்பனுக்கு மட்டும் அந்த அப்பளம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அந்த நேரத்தில் டவுன் நூலகத்து மாடியில், வம்ச வரலாறு தேடுகிறவர்களுக்கு ஒரு வகுப்பு நடத்துகிறார்கள் என்று சேதி வந்தது. நாலு பேரும் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு போனார்கள். பாடம் சொன்னவர் அங்கயற்கண்ணி டீச்சர். அந்தம்மாவைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நிறுத்தி நிதானமாக, பச்சைப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரிதான் சொன்னார்.

உங்களிடமிருந்து தொடங்குங்கள், அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள் என்றார். நடுவில் ஒரு தலைமுறையையும் தாண்டாதீர்கள் என்றார். யார் எதைச் சொன்னாலும் நேரில் பார்த்ததா, பிறர் சொல்லிக் கேட்டதா என்று விசாரியுங்கள் என்றார். பெயர் ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒன்றுதான் என்று முடிவு கட்டாதீர்கள் என்றார். பொறுமையாகப் போனால் கொள்ளுத்தாத்தாவைக் கண்டுபிடிக்கலாம், எள்ளுத்தாத்தாவையும் கண்டுபிடிக்கலாம் என்று தைரியம் சொல்லி அனுப்பினார்.

ஒரு தலையில் ஒரு விஷயத்துக்கு மேல் வைத்தால் சிந்திவிடும் என்பது அவர்கள் அனுபவம். அதனால் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். பின்னோக்கிப் போவது பூமாலைக்கு. தாண்டாமல் இருப்பது சங்கிலிக்கு. நேரில் பார்த்ததா என்று கேட்பது நல்லமுத்துக்கு. பெயர் விவகாரம் மூத்தவனான சடையப்பனுக்கு.

பூமாலை நூலகத்து வாசலிலேயே தன் வேலையை ஆரம்பித்துவிட்டான். நாலு பேரும் டவுனைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து ஊருக்கு வந்தார்கள். அந்த நடையில் ஒரு சங்கடம் இருந்தது. ஊர் வருவது தெரியவில்லை. ஊர் போனதுதான் தெரிந்தது. “அதோ போகுது பாருங்க, நம்ம ஊரு” என்று பூமாலை கைகாட்டியபோது அவர்கள் சுடுகாட்டைத் தாண்டியிருந்தார்கள். திரும்பி நடக்கலாமா என்று கேட்டதற்கு, திரும்பினால் முன்னோக்கிப் போனது ஆகிவிடும் என்று அவன் கறாராகச் சொல்லிவிட்டான். அந்தப் பக்கமாக வந்த டிராக்டர்காரர் நாலு பேரையும் மூட்டை மாதிரி ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் இறக்கினார்.

உடனே விசாரணையைத் தொடங்கலாம் என்றால், அப்பா முத்துக்காளை நிலைவாசலில் குறுக்கே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சடையப்பன் காலைத் தூக்கினான். சங்கிலி அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தான்.

“அண்ணே, அது ஒரு தலைமுறை. தாண்டக்கூடாது.”

நியாயமாகத்தான் பட்டது. நாலு பேரும் வெளியே வெயிலில் நின்றார்கள். உள்ளே அம்மா ராக்கம்மா சோறு போட்டு ஆறவைத்துக்கொண்டு கூப்பிட்டாள். ஒரு தலைமுறை எழுந்தால்தான் வர முடியும் என்று பதில் சொன்னார்கள். அவள் தண்ணீர்ச் செம்போடு வந்து அந்தத் தலைமுறையின் முகத்தில் தெளித்து எழுப்பினாள்.

எழுந்து உட்கார்ந்தவரிடம் நல்லமுத்து கேட்டான்: “அப்பா, எங்க நாலு பேருக்கும் நீங்கதான் அப்பாவா?”

“ஆமா. என் தலையெழுத்து.”

“நேர்ல பார்த்தீங்களா, யாராவது சொல்லிக் கேட்டீங்களா?”

முத்துக்காளை யோசித்தார். ஒவ்வொருவன் பிறந்தபோதும் அவர் களத்துமேட்டில்தான் இருந்திருக்கிறார். ஆள் வந்துதான் சொல்லியிருக்கிறார்கள். அப்படியே சொன்னார். பிறர் சொல்லிக் கேட்டது செல்லாது என்று நல்லமுத்து தள்ளிவிட்டான். அம்மாவைக் கேட்டார்கள். வலியில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கத்தியதாக அவள் ஒப்புக்கொண்டாள். அதுவும் போயிற்று. சடையப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். முதல் படியிலேயே அப்பா கிடைக்கவில்லை என்றால் காளியப்பனிடம் என்ன சொல்வது?

முத்துக்காளை அவனைப் பார்த்தார். அவருக்கே பாவமாக இருந்தது.

“கவலைப்படாதடா. நீங்க நாலு பேரும் என் பிள்ளைங்கதான். நான் உட்கார்ந்திருந்த மரக்கிளையை நானே வெட்டி விழுந்தவன். ஊரே நேர்ல பார்த்திருக்கு. எனக்குத்தான் இப்படிப் பிறக்கும்.”

ஊரே பார்த்த சாட்சி என்பதால் நல்லமுத்து ஏற்றுக்கொண்டான்.

தாத்தாவின் பெயரைக் கேட்டார்கள். சடையப்பன் என்றார் அப்பா. சடையப்பன் திடுக்கிட்டுப்போய், “அது நான் இல்லையே?” என்றான். பிறகு தன் பாடம் ஞாபகம் வந்து, பெயர் ஒன்றாக இருப்பதால் ஆள் ஒன்று என்று முடிவு கட்டக் கூடாது என்று எல்லோருக்கும் எடுத்துச் சொன்னான். “நீ இல்லைங்கறதுல அவருக்குத்தான் நிம்மதி” என்றார் முத்துக்காளை. தாத்தாவுக்கு மேலே அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

கொள்ளுத்தாத்தாவை எங்கே தேடுவது என்று வாசலில் வட்டமாக உட்கார்ந்து ஆலோசித்தார்கள். அன்றைக்கு மூளை பூமாலையிடம் இருந்தது.

“தாத்தா ஆள் உசரம் இருந்தாரு. சரியா? அவருக்கு மேலே கொள்ளுத்தாத்தா. அவர் கொள்ளு அளவு. அதுக்கும் மேலே எள்ளுத்தாத்தா. எள்ளு அளவு. பின்னாடி போகப் போக ஆளுங்க சிறுத்துக்கிட்டே போறாங்க.”

“அதுக்கு மேலே?” என்றான் நல்லமுத்து.

“கசகசா.”

“அதுக்கும் மேலே?”

“மாவுதான். அதான் பழைய ஆளுங்க யாரும் நம்ம கண்ணுக்குத் தெரியறதில்லை.”

நாலு பேரும் இதை மெல்ல மெல்ல மனசில் வாங்கினார்கள். ஆடி அமாவாசைக்கு ஆற்றங்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைப்பது எதற்கு என்பது சங்கிலிக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. எள்ளுத்தாத்தாவைக் குளிப்பாட்டுகிறார்கள். நம் ஆட்கள் விவரம் தெரியாமல் குளிப்பாட்டி ஆற்றோடு விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள் என்று வருத்தப்பட்டான்.

சடையப்பன் மட்டும் அடுக்களைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

“நேத்து ராத்திரி நாம கொள்ளு ரசம் சாப்பிட்டோம்” என்றான்.

யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.

“நீ ரெண்டாந்தரம் வேற வாங்கினே அண்ணே” என்றான் நல்லமுத்து, மெதுவாக.

கொள்ளுத்தாத்தா அப்படிப் போய்விட்டதால் எள்ளுத்தாத்தாவையாவது காப்பாற்ற வேண்டும் என்று அடுக்களைக்கு ஓடினார்கள். பானையில் கால்படி எள் இருந்தது. இதில் நம்மவர் யார் என்று பார்த்தார்கள். எல்லாருக்கும் ஒரே முகச்சாடை. கூடப்பிறந்தவர்களாக இருக்கும், பிரிக்க வேண்டாம் என்று எல்லோரையும் ஒரு தாம்பாளத்தில் எழுந்தருளச் செய்து, மேலே குடை பிடித்து, மேலப்புதூருக்குக் கொண்டுபோனார்கள். பூமாலை மட்டும் தாம்பாளத்துக்கு எதிரே பின்பக்கமாக நடந்தான். வழியில் காற்றடித்துச் சில பெரியவர்கள் கரும்புக் காட்டுக்குள் போய்விட்டார்கள். அவர்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டார்கள்.

காளியப்பன் வீட்டில் மலையாண்டியும் உட்கார்ந்திருந்தார். சடையப்பன் அவர் பக்கம் திரும்பாமல், “மாமா, உங்க வீட்டு எள்ளைக் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லுங்க” என்றான். காளியப்பனின் மனைவி கொண்டுவந்து வைத்தாள். அது கறுப்பு எள். இவர்கள் கொண்டுவந்தது வெள்ளை.

சடையப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். “உங்க எள்ளுத்தாத்தா கறுப்பு. எங்க எள்ளுத்தாத்தா வெளுப்பு. வழி வேற, வம்சம் வேற. நாம பங்காளி இல்லை மாமா.”

காளியப்பனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வேறு வேறு என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது. கதவோரம் நின்ற மகளைப் பார்த்தார். அவள் வேகமாகத் தலையை ஆட்டினாள். “சரி, ஆவணியில நாள் பார்த்துடலாம்” என்றார். மலையாண்டி வெற்றிலையை மெல்லாமல் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

வந்தவர்களுக்கு இனிப்பாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்று காளியப்பனின் மனைவி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டில் உருண்டைகளைக் கொண்டுவந்து நீட்டினாள். பூமாலை இரண்டைத் தின்ற பிறகுதான் சங்கிலி தாம்பாளத்தைத் தேடினான். அது காலியாக இருந்தது.

“அத்தை, இங்க இருந்தவங்க எங்கே?”

“எள்ளா? நீங்க கொண்டுவந்ததையும் எங்க வீட்டுதையும் ஒண்ணா வறுத்து, வெல்லப்பாகுல போட்டு உருட்டிட்டேன். வாசமா இருக்குல்ல?”

பூமாலை மெல்லுவதை நிறுத்தினான். சடையப்பன் ஒரு உருண்டையை உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தான். கறுப்பும் வெளுப்பும் பாகில் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் கீறிப் பார்த்தான். பிரியவில்லை. நாலு பேரும் மூலையில் கூடி வெகுநேரம் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு சடையப்பன் கண் கலங்க வந்து நின்றான்.

“சித்தப்பா” என்றான் காளியப்பனை.

“டேய், இப்பத்தானே மாமான்னு கூப்பிட்டே?”

“அப்ப வேற வேறயா இருந்தாங்க சித்தப்பா. இப்ப ஒரே உருண்டை ஆயிட்டாங்க. நாம பங்காளி. தங்கப்பொண்ணு எனக்குத் தங்கச்சி.”

மலையாண்டிக்கு முகம் மலர்ந்தது. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சடையப்பன் தோளில் கைபோட்டார். அப்படியானால் அண்ணன்காரன் நீதான் முன்னால் நிற்க வேண்டும், என் அக்காள் மகனுக்கு உன் தங்கச்சியைக் கொடுக்கச் சம்மதம் என்று சொல்லிவிடு என்றார்.

சடையப்பன் அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டான். அண்ணன் என்று ஆன பிறகு பொறுப்பு என்று ஒன்று இருக்கிறது. “பந்தியில இலை பார்த்து அப்பளம் போடற வீட்டுக்கு என் தங்கச்சியை அனுப்ப மாட்டேன். அவளுக்கு நானே மாப்பிள்ளை பார்க்கறேன்” என்றான்.

பிறகு சுவரைப் பார்த்து யோசித்தான். தனக்குத் தெரிந்த பிள்ளைகளை ஒவ்வொருவராக மனசுக்குள் நிறுத்திப் பார்த்தான். இவன் முன்கோபி, அவன் குடிகாரன் என்று எல்லாரையும் கழித்தான். கடைசியில் முகம் தெளிந்து திரும்பினான்.

“ஒரு பையன் இருக்கான் சித்தப்பா. கூழைக்குளம்தான். வயசு கொஞ்சம் கூட. விவரம் பத்தாது. ஆனா மாட்டைக்கூட அதட்ட மாட்டான். தங்கச்சியைக் கண்கலங்காம வச்சிருப்பான்.”

“பேரு?”

“சடையப்பன்.”

சங்கிலி குறுக்கே புகுந்து, அந்தச் சடையப்பனும் பங்காளி ஆகிவிடுவானே அண்ணே என்று சந்தேகம் எழுப்பினான். சடையப்பன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். “தங்கச்சியைக் கட்டிக்கறவன் மச்சான்டா. மச்சான் எப்படிப் பங்காளி ஆவான்?”

காளியப்பன் வாயைத் திறப்பதற்குள் தங்கப்பொண்ணு முன்னால் வந்துவிட்டாள்.

“அப்பா, அந்தப் பையனையே பேசி முடிங்க. இவங்களை இன்னும் கொஞ்சம் யோசிக்கவிட்டா என்னை உங்களுக்கு அம்மாவாக்கிடுவாங்க.”

ஆவணியில் கல்யாணம் நடந்தது. சடையப்பன் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. மாப்பிள்ளையாக மணையில் உட்கார வேண்டும். பெண்ணின் அண்ணனாக ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும். குனிந்து கழுவப் போனால் மணையில் மாப்பிள்ளை இல்லை, நிமிர்ந்து உட்கார்ந்தால் கழுவ ஆள் இல்லை. எப்படியோ சமாளித்துத் தாலியும் கட்டிவிட்டான்.

கால் கழுவிய மச்சானுக்கு மாப்பிள்ளை வேட்டி துண்டு எடுத்துக் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அன்றைக்கு இருந்த அலைச்சலில் மாப்பிள்ளைக்கு அது மறந்துபோயிற்று.

சடையப்பன் அதை மறக்கவில்லை. மதிக்காத வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டான். இன்றைக்கும் தன் வீட்டு வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில்தான் உட்கார்ந்திருக்கிறான். தங்கப்பொண்ணு இலை போட்டுவிட்டு வந்து வந்து கூப்பிடுகிறாள். அவன் அசைவதாக இல்லை.

“உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லம்மா. உன் புருசன் வந்து ஒரு வார்த்தை கூப்பிடட்டும், வர்றேன்.”