கரி மேல் தூவிய மணல்

கடலும் உப்பங்கழியும் சேரும் இடத்தில் இருந்தது திருநெய்தல்வாயில் என்னும் ஊர். அங்கே சுண்ணாம்புக் காளவாயில் கிளிஞ்சல் சுட்டுப் பிழைத்தவர் கொழுந்தம்மையார். அம்மையார் என்று நாம் இன்று சொல்கிறோம். அன்று அவரை அப்படி அழைத்தவர் ஒருவரும் இல்லை. ஊராருக்கு அவர் காளவாய்க் கொழுந்தாயி. இடுப்பளவு சேற்றுநீரில் இறங்கிக் கிளிஞ்சல் அரித்து, வெயிலில் உலர்த்தி, கரி ஓர் அடுக்கும் கிளிஞ்சல் ஓர் அடுக்குமாகக் காளவாயில் போட்டு எரிப்பது அவர் தொழில். அந்தச் சுண்ணாம்பு அவருடைய விரல் நுனிகளை அரித்துத் தின்றிருந்தது. நெய்தல்நாதர் கோயில் மதிலுக்குப் பூசிய வெள்ளை எல்லாம் அவர் சுட்டதுதான். ஆனாலும் மதிலுக்கு உள்ளே அவரைக் கண்டால் முகம் சுளிப்பவர்கள் இருந்தார்கள்.

காளவாய்க்கு நெருப்பு வைக்கும் முன் அம்மையார் ஈரமணலில் விரலால் நான்கு எழுத்துகளை எழுதுவார். ந, ம, சி, வா. அதோடு நிறுத்திவிடுவார். நான்கையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போவார். வாயால் ஐந்தெழுத்தும் சொல்வார்; கையால் நான்குதான். "அஞ்சாவது எழுத்தைக் கழியிலே தொலைச்சிட்டியா?" என்று கிண்டல் செய்தவர்களும் உண்டு, இரக்கப்பட்டு அதை எழுதிக் காட்ட வந்தவர்களும் உண்டு. அம்மையார் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "எம்பிள்ளை சொல்லித் தந்தது இம்புட்டுத்தான்" என்பார்.

அவருக்கு அம்பலவன் என்று ஒரு மகன் இருந்தான். கோயில் வெளிமண்டபத்தில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர் மங்கைபாகனார். காளவாய்க்காரி மகனை எங்கே உட்கார வைப்பது என்று ஊர் முணுமுணுத்தபோது, அவர் அந்தப் பிள்ளையைத் தம் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். அந்த ஊரில் அகரத்துக்கு முன்னால் ஐந்தெழுத்தைத்தான் சொல்லித் தருவார்கள். ஓர் எழுத்து கைக்குப் படிந்த பிறகே அடுத்த எழுத்து. அம்பலவன் அன்றன்று கற்றதை மாலையில் தாயின் உள்ளங்கையில் எழுதிக் காட்டுவான். 'வா' எழுதிக் காட்டிய மாலையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்தாவது எழுத்துக்கு அவன் போகவே இல்லை.

பிள்ளை போன துக்கம் ஆறும் முன்பே அம்மையார் பள்ளி மண்டபத்துக்கு வரத் தொடங்கினார். மாணவர்கள் வருவதற்குள் மண்டபத்தைக் கூட்டுவார். பிள்ளைகள் விரலால் எழுதிப் பழகும் வெண்மணலைச் சலித்து, சிப்பித் துண்டும் முள்ளும் பொறுக்கி எறிந்து, பரப்பி வைத்துவிட்டுப் போய்விடுவார். யாரும் அவரை வரச் சொல்லவில்லை. அவர் யாரிடமும் எதுவும் கேட்கவும் இல்லை. அதுதான் மங்கைபாகனாரை உறுத்தியது.

மங்கைபாகனார் நல்லவர். ஆனால் எந்தக் கையிலிருந்து எது வந்தாலும் இரண்டு தரம் முகர்ந்து பார்க்கும் குணம் அவருக்கு உண்டு. அதற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆண்டுதோறும் விஜயதசமியன்று ஊரார் அவருக்குத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். சரிகை வேட்டி கொடுத்தவர் மறுநாளே தம் மகனை முன்வரிசைக்கு மாற்றச் சொல்வார். வெல்லமும் தேங்காயும் கொடுத்தவர், பக்கத்து வீட்டுப் பிள்ளையைவிடத் தம் பிள்ளை கெட்டிக்காரன் என்று நாலு பேர் எதிரில் சொல்லச் சொல்வார். அப்படி வாங்கி வாங்கி, நன்றி என்ற சொல்லைக் கேட்டாலே அதன் பின்னால் என்ன வருகிறது என்று எட்டிப் பார்க்க அவர் பழகியிருந்தார்.

அவர் பயப்பட இன்னொரு காரணமும் இருந்தது. அவர் கண்களில் மெல்ல மெல்ல வெண்மூட்டம் படர்ந்துகொண்டிருந்தது. ஆளையும் தூணையும் நிழலாக அடையாளம் காண்பார். வெண்மணலில் பிள்ளைகள் எழுதிய எழுத்து மட்டும் அவருக்குத் தெரிவதே இல்லை. குனிந்து விரலால் தடவிப் பார்த்துத்தான் சரி, தப்பு சொல்வார். வாத்தியார் வாஞ்சையோடு தடவிக்கொடுக்கிறார் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். விஷயம் வெளியே தெரிந்தால் கோயில் அதிகாரி அரியநாதர் மறுநாளே தம் மைத்துனரை அந்த இடத்தில் உட்கார்த்திவிடுவார். கோயில் சோறு நின்றுபோகும். வீட்டில் மனைவியோ பாயோடு பாயாகக் கிடந்தார். அவரிடம்கூட மங்கைபாகனார் இதைச் சொல்லவில்லை.

ஒருநாள் அவர் சீக்கிரமே வந்து தூண் மறைவில் நின்றார். அம்மையார் மணலைச் சலித்துக்கொண்டிருந்தார்.

"பள்ளிக்கூடத்திலே உனக்குப் பிள்ளை இல்லை. பிறகு எதுக்கு வர்றே? உண்மையைச் சொல்லு, உனக்கு என்ன வேணும்?"

அம்மையார் பதறி எழுந்தார். "எனக்கு வேண்டியதை எப்பவோ குடுத்துட்டீங்களே சாமி. எம்பிள்ளையைப் பக்கத்திலே உக்கார வச்சீங்க. நாலு எழுத்து குடுத்தீங்க. நான் என்னத்தைத் திருப்பிச் செஞ்சேன்?"

எதுவும் வேண்டாம் என்பவள் பெரிதாக ஏதோ கேட்கப் போகிறாள் என்று மங்கைபாகனார் முடிவு கட்டினார். அன்று பாடம் நடக்கும்போது அம்மையார் மண்டபத்துக்கு வெளியே சற்று நேரம் நின்றதும் அவருக்குத் தெரிந்தது. அந்த நிழல் தம்மையே பார்ப்பதாகத் தோன்றியது. மணலைத் தடவிக்கொண்டிருந்த கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

மறுநாள் அதிசயம் நடந்தது. ஒரு பிள்ளை மணலில் விரலை ஓட்டினான். விரல் போன வழியெல்லாம் எழுத்து கன்னங்கரேலென்று எழுந்து நின்றது. குனியவேண்டியதில்லை, தடவவேண்டியதில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே மங்கைபாகனாருக்குத் தெரிந்தது. 'சி' என்று எழுதியிருந்தான். சுழியைக் கோணலாகப் போட்டிருந்தான். அந்தக் கோணலைக் கண்டு அவருக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைகள் போன பிறகு மணலைக் கிளறிப் பார்த்தார். மேலே மெல்லிய வெண்மணல். அடியில் கரித்தூள்.

சந்தோஷம் அரை நாள்கூட நிலைக்கவில்லை. கண் தெரியவில்லை என்பதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். அரியநாதர்தான் வேவு பார்க்க அனுப்பினாரோ? இல்லை, இதை வைத்துக்கொண்டு தம்மை ஆட்டிப்படைக்கப் போகிறாளோ? அன்று முதல் அம்மையார் வணங்கினால் மங்கைபாகனார் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். கரி மேல் தெரிந்த எழுத்தைப் பார்த்துத்தான் பாடம் நடத்தினார்; ஆனால் அதைப் போட்டுவைத்தவர்மேல் அவருக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. மனித மனத்தின் லட்சணம் அப்படி!

கரி எத்தனை நாள் மணலுக்குள் மறைந்திருக்கும்? அரியநாதர் மகன் ஒருநாள் கறுத்த விரல்களோடு வீட்டுக்குப் போனான். போன நேரம் அவனுக்கு வயிற்றுவலி வேறு. மாங்காய் தின்ற வலிதான். ஆனால் அவன் தாய்க்கு வேறு சந்தேகம் வந்தது. பொழுது சாயும் முன் ஊரே கோயில் முற்றத்தில் கூடிவிட்டது.

"பிள்ளையைப் பறிகொடுத்தவ, பள்ளிக்கூடத்தையே சுத்திச் சுத்தி வர்றா. மணலுக்கு அடியிலே கரி வச்சிருக்கா. சுடுகாட்டுக் கரியா இல்லாம வேற என்ன?" என்றாள் அந்தத் தாய்.

"சுடுகாட்டுக் கரி இல்லைங்க. எங்க காளவாய்க் கரி" என்றார் அம்மையார்.

"எதுக்குப் போட்டே? யாருக்குச் செய்வினை?" என்று அரியநாதர் அதட்டினார்.

அம்மையார் தலை நிமிர்ந்தார். மங்கைபாகனார் இருந்த பக்கம் ஒரே ஒரு முறை பார்த்தார். இதோ சொல்லப் போகிறாள் என்று மங்கைபாகனார் நினைத்தார். அம்மையார் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"கோயில்ல நின்னு பொய் சொல்ல மாட்டேங்க. எதுக்குப் போட்டேன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை. கெடுதலுக்கு இல்லை. அது மட்டும் நெசம்."

கூட்டம் கொதித்தது. ஒளிக்க ஒன்றும் இல்லாதவள் ஏன் ஒளிக்கிறாள்? "வாத்தியாரே, நீங்க என்ன சொல்றீங்க?" என்று அரியநாதர் கேட்டார்.

"எனக்கு ஒன்றும் தெரியாது" என்றார் மங்கைபாகனார்.

இனி அம்மையார் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. மணலை அள்ளிக் கழியில் கொட்டினார்கள். அம்மையார் தரையில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். சாமியைக் கும்பிட்டாரா, வாத்தியாரைக் கும்பிட்டாரா என்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை.

இனிமேல்தான் அவள் தன்னிடம் வருவாள் என்று மங்கைபாகனார் காத்திருந்தார். காட்டிக்கொடுக்காததற்கு விலை கேட்பாள், கேட்காமல் இருப்பாளா? ஒருவரும் வரவில்லை. பொறுக்க முடியாமல் ஒரு பிற்பகலில் அவரே தட்டுத் தடுமாறிக் காளவாய்க்குப் போனார். என்னதான் திட்டம் போடுகிறாள் என்று பார்த்துவிடும் எண்ணத்தோடுதான் போனார். கிளிஞ்சல் குவியலுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டார்.

அம்மையார் மணலில் உட்கார்ந்து நெய்தல்நாதரோடு பேசிக்கொண்டிருந்தார். "எனக்கு அங்க வர வழி இல்லை. அதனாலே இதை உங்கிட்டே விடுறேன். மணல் வெள்ளையா இருந்தா அவருக்கு எழுத்து தெரியாது. நீதான் பாத்துக்கணும். ஊருக்குத் தெரியாமச் செய்யி, பாவம். எம்பிள்ளைக்குக் கண்ணைத் திறந்தவரு."

மங்கைபாகனார் அங்கிருந்து ஓடிவந்தார். கிளிஞ்சல் காலைக் கிழித்தது. அது அவருக்கு உறைக்கவே இல்லை. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. ஆயினும் வீட்டில் கிடந்த மனைவியைப் பார்த்ததும் வாய் மறுபடி அடைத்துக்கொண்டது.

விஜயதசமி வந்தது. புதிதாக எழுத்து தொடங்கும் பிள்ளைகளுக்காக, அகன்ற பலகையில் மணல் பரப்பி உற்சவ மூர்த்தியின் முன் வைப்பது அவ்வூர் வழக்கம். திரை போட்டு நிவேதனம் முடிந்து, திரை விலகிய பின் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் பிடித்து அந்த மணலில் எழுதுவிப்பார். இந்த முறை அரியநாதர் தாமே முன்நின்று, கடற்கரை மேட்டிலிருந்து பால்போன்ற புதுமணல் கொண்டுவரச் செய்து, அடிவரை கிளறிப் பார்த்துத்தான் வைத்தார். வேட்டியும் வெல்லமும் பித்தளைக் குத்துவிளக்கும் தட்டுகளில் காத்திருந்தன. அம்மையார் மதிலுக்கு வெளியே, தேர்நிலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

திரை விலகியது. முன்னால் நின்றவர்கள் பலகையை எட்டிப் பார்த்தார்கள்.

புதுமணலில் யாரோ விரலால் எழுதியிருந்தார்கள். ஒரே எழுத்து. கன்னங்கரேலென்று இருந்தது. குருக்கள் தீபத்தை உயர்த்திக் காட்டினார். உற்சவ மூர்த்தியின் அபயக் கரத்தில், சுட்டுவிரல் நுனியில் கரி படிந்திருந்தது.

"செய்வினைதான்! திரைக்குள்ளே யாரை விட்டீங்க?" என்று அரியநாதர் கூவினார். குருக்களையே சந்தேகமாகப் பார்த்தார். இது ஐந்தெழுத்தின் முதல் எழுத்துக்கூட இல்லையே, சம்பந்தம் இல்லாமல் ஒற்றை எழுத்தாய் இது எதற்கு என்று கூட்டம் குழம்பியது.

மங்கைபாகனாருக்கு மட்டும் குழப்பம் இல்லை. பின்வரிசையில் நின்றபடியே அந்த எழுத்து அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அது, 'வா' கற்ற மறுநாள் அம்பலவனுக்கு அவர் சொல்லித்தர வைத்திருந்த எழுத்து.

"யாரும் குருக்களைச் சந்தேகப்படாதீர்கள்" என்றார். "சந்தேகப்பட்டதெல்லாம் போதும். எனக்குக் கண் தெரியாது. வெண்மணலில் எழுதினால் எனக்கு ஒன்றும் புலப்படாது. அதைக் கண்டுகொண்டு, நான் தடுமாறக் கூடாதென்று அந்த அம்மை மணலுக்கு அடியில் கரி போட்டார். என் பிழைப்புப் போகக் கூடாதென்று பழியை ஏற்றுக்கொண்டு வாய் மூடிப் போனார். நான் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் செய்த வேலையைச் செய்ய ஆள் இல்லாமல் இன்றைக்குச் சாமியே வந்திருக்கிறார்."

யாரையும் எதிர்பாராமல் தூண்களைத் தொட்டுத் தொட்டு வெளியே போனார். தேர்நிலை அருகே நின்றிருந்த நிழலை அடையாளம் கண்டு, அதன் காலில் விழப் போனார். அம்மையார் அலறி விலகினார். அந்தச் சுண்ணாம்புக் கையைப் பிடித்துக்கொண்டு மங்கைபாகனார் உள்ளே வந்தார். கூட்டம் தானாகவே வழி விட்டது.

அம்மையார் பலகையைப் பார்த்தார். கரி படிந்த திருவிரலைப் பார்த்தார். மறுபடியும் பலகையைப் பார்த்தார். அவருக்கு அந்த எழுத்து தெரியவில்லை.

"இது என்ன எழுத்துங்க சாமி?"

"ய. உன் பிள்ளைக்குப் பாக்கி இருந்த எழுத்து, தாயே."

அம்மையார் பலகையின் முன் உட்கார்ந்தார். இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இறைவன் எழுதிய கோட்டின் மேலேயே தம் விரலை வைத்து மெல்ல ஓட்டினார். முடித்ததும், "அம்பலவா, முடிஞ்சுபோச்சுடா" என்று வாய்விட்டு அழுதார். அங்கே அழாதவர் இல்லை. அரியநாதர் மனைவி முன்னால் வந்து, தம் மகனின் கையை அம்மையாரின் மடியில் வைத்தாள்.

மங்கைபாகனாரின் இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை. கண் முழுவதும் மறைந்த பின்பும் அவரே பாடம் சொன்னார். முறை வைத்து ஒவ்வொரு வீட்டாரும் அவரைக் கைப்பிடித்து அழைத்து வந்தார்கள். அவர் மனைவிக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார்கள். இன்றும் அந்த ஊரில் விஜயதசமியன்று தட்டு எடுத்துப்போகும் முன், ஆசிரியருக்கு என்ன குறை என்று கேட்டறிந்து வருவது வழக்கமாம். தட்டு என்னவாக இருந்தாலும் அதில் ஒரு துண்டுக் கரி கட்டாயம் இருக்குமாம்.

நான்கு எழுத்துக்கு நன்றியாகத் தம் நற்பெயரையே கொடுத்து, ஐந்தாவது எழுத்தை இறைவன் கையிலிருந்தே பெற்றுக்கொண்டார் கொழுந்தம்மையார். கரி படிந்த அந்த விரல்களை நாமும் நினைந்து கும்பிடுவோம்.