அனுமதி கேட்ட சர்வர்

திருப்பூரில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு முப்பத்தேழு வயது, சீடருக்கு ஐம்பத்தொன்று. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. தெரிந்தவர் குரு, தெரிந்துகொள்ள வந்தவர் சீடர், அவ்வளவுதான்.

குருவின் பெயர் தேன்மொழி. தேன் பெயரோடு சரி, பேச்சில் தேடினாலும் கிடைக்காது. குழந்தைத் துணிகளை ஆன்லைனில் விற்கும் கடை ஒன்றில் வேலை. அந்தக் கடையைத் தாங்கி நிற்கும் சர்வர்கள் அவர் பொறுப்பு. சர்வர் என்றால் எங்கோ ஒரு இடத்தில் வாடகைக்கு ஓடும் கணினி. வாங்க ஆள் கூடினால் இன்னும் சிலவற்றை எடுக்கலாம், ஆள் குறைந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சீடர் சிங்காரவேலு. பாதி வாழ்க்கையைத் துணை மின்நிலையத்தில் ஸ்விட்சுக்குக் காவலாகக் கழித்தவர். ஊரில் மின் லோடு ஏறினால் கை தானாக ஸ்விட்சுக்குப் போகும். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கணினி படித்து, இந்தக் கடைக்கு வந்து சேர்ந்தார். வேலை மாறியதே தவிர அந்தக் கை மாறவில்லை.

போன வருடத் தீபாவளித் தள்ளுபடி அன்று கடை திணறிப்போனது. தேன்மொழி அப்போது வேலைக்கு வந்திருக்கவில்லை. சிங்காரவேலுதான் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்து, ஒவ்வொரு சர்வராகக் கையால் ஏற்றினார். வந்தவர்களில் பாதிப் பேர் சலித்துப் போய்விட்டார்கள், மீதிப் பேரைப் பிடித்து நிறுத்தினார். முதலாளி நல்லசிவம் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். அந்தப் புகைப்படம் சிங்காரவேலு வீட்டு ஹாலில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

இந்த வருடம் தேன்மொழி எல்லாவற்றையும் மாற்றினார். கூட்டத்தைப் பார்த்து சர்வர்கள் தாமே பெருகும், தாமே குறையும். ஆட்டோ ஸ்கேலிங் என்பார்கள். அதை வரி வரியாகச் சிங்காரவேலுவுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவரும் நன்றாகவே கற்றுக்கொண்டார். வினையே அங்கேதான் ஆரம்பித்தது, எல்லாம் புரிந்த பிறகு தனக்கு அங்கே வேலை இல்லை என்பதும் அவருக்குப் புரிந்துபோனது.

முதலாளிக்கும் புரிந்திருந்தது. ஒரு கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"எல்லாம் தானா நடக்கும்னா, அப்பறம் ஆளு எதுக்குங்க மேடம்?"

கேட்டது தேன்மொழியை, பார்த்தது சிங்காரவேலுவை. நாலைந்து பேர் சிரித்தார்கள். சிங்காரவேலு குருவின் முகத்தைப் பார்த்தார்.

"தீபாவளி அன்னிக்குச் சொல்றேனுங்க" என்றார் தேன்மொழி. டீயை எடுத்துக் குடித்தார்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிங்காரவேலு இருக்கட்டும் என்று ஒரே ஒரு வார்த்தை. அன்று மாலையே சிங்காரவேலு கணினி முன் உட்கார்ந்து, கற்ற வித்தையைக் குருவின் மேலேயே காட்டினார். பன்னிரண்டு சர்வர் வரைக்கும் இயந்திரம் தன்னிஷ்டத்துக்கு ஏறட்டும். பதிமூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் சிங்காரவேலுவைக் கேட்க வேண்டும். திரையில் 'இன்னொன்று வேண்டும், அனுமதிக்கலாமா?' என்று வரும். அவர் சரி என்று அமுக்கினால்தான் ஏறும்.

"என்னைக் கேக்காம நீ எப்படி ஏறறேன்னு பார்க்கறேன்" என்று திரையிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் தேன்மொழி அதைப் பார்த்துவிட்டார்.

"இது என்னங்ணா?"

"அனுமதிங்க மேடம்."

"யாரோட அனுமதி?"

"என்னோடதுங்க." சிங்காரவேலு கண்ணைத் தாழ்த்தவில்லை. "தப்புங்களா?"

குரு எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனார்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு பூட்டு இருந்தது. மாடியில் எல்லோருக்கும் பொதுவாக இருந்த பாத்ரூம் கதவில் அதைப் போட்டுப் பூட்டினார். சாவியைக் கொண்டுவந்து சிங்காரவேலுவின் மேஜையில் வைத்தார்.

"இன்னிக்கு உங்க பொறுப்புங்ணா. யாரு கேட்டாலும் நீங்க பார்த்துக் குடுங்க."

"எதுக்குங்க?"

"கேட்டீங்கல்ல, தப்பான்னு."

சிங்காரவேலு சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முதல் ஒரு மணி நேரம் அவருக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஆள் மாற்றி ஆள் வந்து பணிவாகக் கேட்டார்கள். அவர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொடுத்தார். போட்டோ எடுக்கும் பையன் இரண்டாம் முறை வந்தபோது, "இப்பத்தானப்பா போனே?" என்று விசாரித்தார். கணக்குப் பார்க்கும் தனலட்சுமி வந்து நின்றபோது அவர் போனில் இருந்தார். இருங்க என்று ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். தனலட்சுமி நின்றார். பேச்சு முடிய நேரமானது. தனலட்சுமி ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டே நின்றார்.

மதியம் கீழே குடோனில் ஒருவருக்குக் கல்யாணம் நிச்சயமான சந்தோஷத்தில் பிரியாணி போட்டார்கள். சிங்காரவேலு இறங்கிப் போய், வரிசையில் நின்று, வாங்கி, நிதானமாகச் சாப்பிட்டார். வெற்றிலை போட்டார். சாவி சட்டைப் பையிலேயே இருந்தது. போன் மாடியில் மேஜை மேல் கிடந்து அடித்துக்கொண்டே இருந்தது.

மேலே வந்தபோது படிக்கட்டு முனைவரை வரிசை நின்றது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலை என்று இருந்திருக்கும். போட்டோ பையன் எதிரே பெட்ரோல் பங்குக்கு ஓடிவிட்டதாகச் சொன்னார்கள். வரிசையின் கடைசியில் தேன்மொழி நின்றிருந்தார்.

"மேடம், நீங்களுமா?"

"நானும் வரிசையில நிக்கறேங்ணா."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"முதல்ல கதவைத் திறங்க. பேச்சை அப்பறம் வெச்சுக்கலாம்."

கதவு திறந்தது. வரிசை கரைந்தது. சிங்காரவேலுவின் காது சூடாகியிருந்தது. ஆனால் அவர் மடங்குகிற ஆள் இல்லை.

"பாத்ரூமும் சர்வரும் ஒண்ணுங்களா மேடம்? கேக்க ஆளில்லேன்னா கண்டபடி ஏறும். நான் ஸ்விட்சைப் பிடிச்சு நின்னதாலதான் எங்க ஊர் எத்தனையோ தடவை எரியாம இருந்துச்சு."

"நெசந்தான். நீங்க நின்னதால எரியல."

"அப்பறம்?"

"எவ்வளவுக்கு மேல ஏறக் கூடாதுன்னு நானும் ஒரு எல்லை வெச்சிருக்கேன். அதைக் கூட்டம் வர்றதுக்கு முன்னாடியே யோசிச்சு வெச்சாச்சு. கூட்டம் வந்த பிறகு அது யாரையும் தேடி வராது."

"நான் அந்த அனுமதியை எடுக்க மாட்டேனுங்க."

"எடுக்க வேண்டாங்ணா." தேன்மொழி சாவியை வாங்கிக்கொண்டார். "நீங்க வெச்சது, நீங்களே பார்த்துக்கோங்க."

இந்த அம்மாளின் நெஞ்சழுத்தத்தை என்னவென்று சொல்வது! தீபாவளித் தள்ளுபடி நெருங்கிக்கொண்டிருந்தது. கடை நின்றால் முதலில் போவது தேன்மொழியின் தலை. ஒரு நொடியில் அந்த அனுமதியை அழித்துவிட அவருக்குத் தெரியும். அவர் தொடவே இல்லை.

இதற்குள் விஷயம் நல்லசிவத்தின் காதுக்குப் போனது. அவருக்கு ஒரே மகிழ்ச்சி.

"அதுதான் முறை! மெஷின் நம்மளைக் கேக்கணும். நாம மெஷினைக் கேக்கக் கூடாது. சிங்காரம், அன்னிக்கு நானும் பக்கத்துல உக்கார்றேன். ஒவ்வொரு சர்வருக்கும் வாடகை மீட்டர் ஓடுதுல்லங்க. நான் பார்த்துத் தலையாட்டறேன், அப்பறம் நீங்க அமுக்குங்க."

அனுமதிக்கு மேல் ஒரு அனுமதி. சிங்காரவேலுவுக்கு எங்கோ நெருடியது. ஆனாலும் முதலாளி தன் தோளில் கை போட்டுப் பேசியது பிடித்திருந்ததால், பேசாமல் இருந்துவிட்டார்.

தள்ளுபடி நாள் வந்தது. காலை பத்து மணிக்கு விற்பனை ஆரம்பம். திரைக்கு விபூதி, குங்குமம் வைத்தாயிற்று. நல்லசிவம் பட்டுச் சட்டையில் சிங்காரவேலுவின் பின்னால் நாற்காலி போட்டு அமர்ந்தார். அறையின் மூலையில் தேன்மொழி, கையில் ஒரு பழைய மலிவுப் போனோடு, தன் கடையிலேயே துணி வாங்க வந்தவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

பத்தடித்ததும் கூட்டம் திமுதிமுவென்று உள்ளே நுழைந்தது. சர்வர்கள் மளமளவென்று ஏறின. பன்னிரண்டில் வந்து நின்றன.

'இன்னொன்று வேண்டும், அனுமதிக்கலாமா?'

சிங்காரவேலு திரும்பிப் பார்த்தார். முதலாளி தலையாட்டினார். அமுக்கினார். அந்தச் சர்வர் எழுந்து வேலைக்கு நிற்கவே சில நிமிடம் பிடிக்கும். அது எழுவதற்குள் அடுத்த கேள்வி வந்தது. மறுபடி திரும்பி, மறுபடி தலையாட்டல், மறுபடி அமுக்கல். மூன்றாவது கேள்வி வந்தபோது நல்லசிவத்தின் போன் அடித்தது. மச்சான்.

"சொல்லுங்க மச்சான்! ஆமா, தொறந்தாச்சு..."

"சார்..." என்றார் சிங்காரவேலு.

முதலாளி ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

அந்த விரலைச் சிங்காரவேலுவுக்குத் தெரியும். அது அவருடைய விரல். தனலட்சுமி காலை மாற்றி மாற்றி நின்றது அவர் கண்ணுக்கு முன்னால் வந்தது. திரையில் கடை மெல்ல மெல்ல மூச்சு வாங்கத் தொடங்கியது. பச்சையாக இருந்த கோடு மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகிக்கொண்டிருந்தது. போன வருடமும் இப்படித்தான் ஆரம்பித்தது.

"மேடம், என்ன பண்றதுங்க?"

தேன்மொழி எழுந்து வரவில்லை. கையிலிருந்த போனை மட்டும் அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒரு குழந்தைச் சட்டையின் படம் பாதி வந்து நின்றிருந்தது. அதன் மேல் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"நான் வரிசையில நிக்கறேங்ணா."

சிங்காரவேலு திரையின் பக்கம் திரும்பினார். அனுமதி வைத்த இடத்தைத் திறந்தார். நல்லசிவம் பதறிப் போனைக் கையால் பொத்தினார்.

"சிங்காரம், அதை எடுக்காதீங்க! நம்ம கை மேல இருக்கோணும்."

"போன வருசம் நம்ம கைதாங்க மேல இருந்துச்சு. பாதிச் சனம் போயிருச்சு."

"நான்தான் தலையாட்டறேன்னு சொன்னேனே!"

"நீங்க ஆட்டறதுக்குள்ள இன்னும் ஆயிரம் பேரு வந்துர்றாங்க சார். உங்க தலையும் பத்தாது, என் விரலும் பத்தாது."

"எடுத்தீங்கன்னா நாளையிலிருந்து நீங்க வேலைக்கு வர வேண்டாம்."

அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிங்காரவேலுவுக்கு ஹாலில் தொங்கும் பொன்னாடைப் படம் நினைவுக்கு வந்தது. அது இந்த மனிதர் போர்த்தியது. இந்த மனிதரே உருவவும் செய்யலாம், உருவட்டும்.

"சரிங்க" என்றார். எடுத்துவிட்டார்.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காத்திருந்த சர்வர்கள் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பின. யாரையும் கேட்கவில்லை. அவை எழுந்து நிற்கப் பிடித்த சில நிமிடங்களும் மச்சான் போனுக்குள் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார். சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானது. தேன்மொழியின் போனில் வட்டம் நின்று சட்டை முழுதாக வந்தது. எலுமிச்சை நிறம், பூப்போட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டுப் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

சிங்காரவேலு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று முழுவதும் கடை நிற்கவில்லை. சாயங்காலம் கூட்டம் வடிய ஆரம்பித்ததும் சர்வர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. அதற்கும் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் எழுந்து தன் சாமான்களைப் பையில் எடுத்து வைக்கத் தொடங்கினார். டிபன் பாக்ஸ், கண்ணாடிக் கூடு, மின்நிலையக் காலத்திலிருந்து விடாமல் வைத்திருந்த டெஸ்டர். முகத்தில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் தலை நிமிர்ந்துதான் இருந்தது.

நல்லசிவம் வந்தார். அவருக்கு வியாபாரம் நடந்த சந்தோஷமும் தன் பேச்சை மீறிவிட்டாரே என்ற கோபமும் ஒன்றாக இருந்தன. எதைக் காட்டுவது என்று தெரியாமல் தேன்மொழியிடம் போய் நின்றார்.

"தானா ஏறுச்சு, தானா இறங்குச்சு. பார்த்துட்டேன். மேடம், நான் அன்னிக்கு ஒண்ணு கேட்டேன். தீபாவளி அன்னிக்குச் சொல்றேன்னீங்க."

"ஆமாங்க."

"இப்பச் சொல்லுங்க. எல்லாம் தானா நடக்கும்னா, ஆளு எதுக்கு?"

பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்த சிங்காரவேலுவின் கை நின்றது.

தேன்மொழி அவரைப் பார்க்கவில்லை. முதலாளியை நேராகப் பார்த்தார்.

"காலையில மெஷின் உங்க பேச்சைத் தட்டலைங்க சார். கடை மூழ்கினாலும் அனுமதிக்குக் காத்துட்டேதான் நின்னிருக்கும்" என்றார். "மீறறதுக்குத்தாங்க ஆளு."