கவிழ்த்த மணல் தட்டு

முன்னொரு காலத்தில் கொன்றைமாநகர் என்றோர் ஊர் இருந்தது. அங்கே தலைநரைத்த ஆசிரியர்களுக்குப் பல்லக்கு மரியாதை செய்யும் நாள் ஒன்றும் இருந்தது. பெரியோரே, பிள்ளைகளே, அன்று ஏரிக்கரையில் யார் யார் நின்றார்கள் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கடைசியில் கணக்குத் தவறிப்போகும்.

அரசர் ஒருவர். அமைச்சர் இருவர். முரசு அறைபவர் ஒருவர். ஆசிரியர்கள் மூவர். பல்லக்குக்கு எட்டுப் பேர் வீதம், தூக்குவோர் இருபத்து நால்வர். ஊரார் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். இடுப்புக் குழந்தைகளைச் சேர்க்கவில்லை.

மூத்த அமைச்சர் முறையைச் சொன்னார். "ஆசிரியர் பல்லக்கில் அமர்ந்து ஏரியை ஒருமுறை சுற்றி வர வேண்டும். அவரிடம் படித்தவர்கள் மட்டுமே தூக்கலாம். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் சுற்று முடிய வேண்டும். நடுவில் அவர் கால் தரையில் படக் கூடாது. முடித்தவர் பெயர் கரையில் உள்ள கல்லில் ஏறும். முடிக்காதவருக்கு மறுவாய்ப்பு இல்லை."

அந்தக் கல்லில் தன் பெயர் ஏற வேண்டும் என்பதுதான் வெண்காடர் என்ற ஆசிரியரின் வாழ்நாள் ஆசை. அவரிடம் படித்த ஒருவர்கூட அரசரின் தேர்வில் தோற்றதில்லை. படைத்தலைவன் அவர் மாணவன். கருவூலத் தலைவன் அவர் மாணவன். இளைய அமைச்சரும் அவர் மாணவரே.

அந்தக் காலத்துப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு மரத்தட்டு உண்டு. அதில் ஏரி மணலைப் பரப்பி, விரலால் எழுதிப் பழகுவார்கள். ஒரு பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று தோன்றினால் ஆசிரியர் திட்டமாட்டார், அடிக்கமாட்டார். அதன் தட்டைக் கவிழ்த்துவிடுவார். பிள்ளை எழுந்து வீட்டுக்குப் போகும். பிறகு வராது.

வெண்காடர் கெட்டவர் அல்லர். தொண்டை கட்டும்வரை சொல்லிக்கொடுப்பார். ஆனால் ஒவ்வோர் ஆண்டும், தேர்வுக்கு முன்னால், தட்டுகளுக்கு நடுவே மெல்ல ஒருமுறை நடப்பார். சில ஆண்டுகளில் அப்போது ஒரு தட்டு கவிழும். அவர் மாணவர் எவரும் தோற்காமல் இருந்தது அப்படித்தான்.

முதலில் பூவாத்தாள் என்ற ஆசிரியையின் பல்லக்கு புறப்பட்டது. அந்த அம்மாள் ஒரு தட்டைக்கூடக் கவிழ்த்ததில்லை. மீசை முளைத்த பிறகும் 'அ' எழுதிக்கொண்டிருப்பவர்கள் அவர் பள்ளியில் உண்டு என்று ஊரே சிரிக்கும். ஆனால் அவர் பல்லக்கு பூக்கூடை போலப் போய்த் திரும்பியது.

"அம்மா, நீங்கள் உள்ளேதான் இருந்தீர்களா?" என்று இறக்கிவைத்தவர்களில் ஒருவன் திரையை விலக்கிப் பார்த்தான். "நாங்கள் எட்டுப் பேர்தான். ஆனால் கம்புக்கு அடியில் இன்னும் யாரோ தோள் கொடுத்தார்கள். மூச்சுக் காற்று என் கழுத்தில் பட்டது, அம்மா!"

"உளறாதேடா, தண்ணீர் குடி" என்றார் பூவாத்தாள்.

இரண்டாவதாகத் தில்லைவனம் என்ற கணக்கு ஆசிரியர் போனார். ஒருவர் கனம் எவ்வளவோ அவ்வளவு கனத்தோடு போய், அப்படியே திரும்பினார்.

மூன்றாவதாக வெண்காடர் ஏறினார். முரசு முழங்கியது. படைத்தலைவன் அதிகன் முன்கம்பைப் பிடித்தான். பல்லக்கு எழுந்தது.

மதகு வரை நன்றாகத்தான் போனது. மதகருகே கம்பு முனகியது.

"ஐயா, காலையில் எத்தனை படிச் சோறு?" என்று அதிகன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். மாலைகளையும் பரிசுப் பெட்டியையும் இறக்கினார்கள். பல்லக்கு நகர்ந்தது.

புளியந்தோப்பருகே மறுபடி நின்றது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்திலிருந்த பழைய மாணவர்கள் இன்னும் எட்டுப் பேர் ஓடிவந்து தோள் கொடுத்தார்கள். பல்லக்கு நகர்ந்தது.

கல் நட்டிருக்கும் மேட்டுக்குச் சற்று முன்னால் மூன்றாம் முறை நின்றது. பதினாறு பேரின் முழங்காலும் மடங்கியது. பல்லக்கு தரையில் அமர்ந்தது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

உள்ளே வெண்காடருக்குப் பாதம் குளிர்ந்தது. குனிந்து பார்த்தார். மணல். ஈர மணல். கணுக்காலை மூடியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்காலுக்கு ஏறியது. எங்கிருந்தும் கொட்டவில்லை, சத்தமும் இல்லை. பக்கத்தில் யாரோ ஒடுங்கி உட்கார இடம் தேடுவதுபோல் மெத்தை அமுங்கியது. ஒரு பக்கம் அல்ல, நாலு பக்கமும்.

அந்த மணலை அவருக்குத் தெரியும். அவரே சலித்த மணல்.

தான் தட்டைக் கவிழ்த்து அனுப்பிய ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி, "கொற்றா" என்றார்.

"உள்ளேன் ஐயா!"

கூட்டத்தில் நின்ற உப்பு வணிகன் கொற்றன்தான் சொன்னான். நரைத்த மீசைக்காரன். ஆனால் அவன் வாயிலிருந்து வந்தது ஏழு வயதுப் பிள்ளையின் குரல். அவனே பயந்து வாயைப் பொத்திக்கொண்டான். பல்லக்கிலிருந்து ஒரு சின்னஞ்சிறு காலடி, ஈரமாய், புழுதியில் இறங்கி அவன் பக்கம் போயிற்று. மணல் ஒரு தட்டளவு குறைந்தது.

"எயினி" என்றார் வெண்காடர்.

"உள்ளேன் ஐயா!" பேரன் பேத்தி எடுத்த வலைக்காரி ஒருத்தி, சிறுமியின் குரலில் சொல்லிவிட்டு அழுதாள். இன்னொரு காலடி இறங்கியது.

"பிட்டா."

"உள்ளேன் ஐயா!"

இப்படிப் பதினொரு பெயர் சொன்னார். பதினொரு குரல் வந்தது. பதினொரு காலடி இறங்கியது. கடைசியில் ஒரே ஒரு தட்டளவு மணல், அவர் எதிரே, பரப்பியபடி மீந்தது. அதில் 'அ' என்ற எழுத்தின் முதல் சுழி மட்டும் எழுதியிருந்தது. அதற்கு மேல் விரல் போகவில்லை.

அந்தப் பெயர் அவருக்கு வரவில்லை. நெற்றியைப் பிடித்தார். கண்ணை மூடினார். முகம்கூட வரவில்லை.

"ஐயா, இப்போது தூக்க முடிகிறதா பார்க்கிறோம்" என்றான் அதிகன். பதினாறு பேரும் முக்கினார்கள். அசையவில்லை. பதினொரு பிள்ளைகளின் கனம் போயும், பெயரில்லாத அந்த ஒன்றின் கனம் போகவில்லை.

"மணலை வெளியே தள்ளிவிடுங்கள் ஐயா! கல் இதோ இருக்கிறது, கூப்பிடு தூரம்தான். விளக்கு வைக்கப் போகிறார்கள்!" என்று அதிகன் திரைக்குள் எட்டிப் பார்த்துக் கெஞ்சினான்.

வெண்காடரின் கை தட்டைக் கவிழ்க்கும் பழக்கத்தில் தானாக எழுந்தது. பாதியில் நின்றது.

அவர் எழுந்தார். பல்லக்கை விட்டு இறங்கினார். இரண்டு காலையும் தரையில் ஊன்றினார்.

"ஐயோ, கால் பட்டுவிட்டதே!" என்று ஊரே கூவியது.

"படட்டும்" என்றார் வெண்காடர். "அதிகா, நகர்ந்துகொள். அந்தக் கம்பைக் கொடு. உள்ளே ஒரு பிள்ளை இருக்கிறது."

கிழவர் முன்கம்புக்குத் தோள் கொடுத்தார். பல்லக்கு எழுந்தது. காலி இருக்கையோடு கல்லைக் கடந்து, சுற்றை முடித்தது. வழியெல்லாம் உள்ளே மணலில் ஒரு விரல் உரசும் சத்தம் கேட்டதாகப் பின்னால் தூக்கிவந்தவர்கள் சொன்னார்கள். அதன் பிறகுதான் விளக்கு வைத்தார்கள்.

பூவாத்தாளின் பெயரும் தில்லைவனத்தின் பெயரும் கல்லில் ஏறின. வெண்காடரின் பெயர் ஏறவில்லை. அவரும் கேட்கவில்லை.

மறுநாள் அவர் பள்ளியில் பன்னிரண்டு தட்டுகளைப் புதிதாகப் போட்டார். கொற்றன் தன் பேரனோடு வந்து, வெட்கப்பட்டுக்கொண்டே தானும் ஒரு தட்டின் முன் அமர்ந்தான். எயினி வந்தாள். பிட்டன் வந்தான். ஒரு மாதத்துக்குள் பதினொருவரும் வந்துவிட்டார்கள். பன்னிரண்டாம் தட்டில் மட்டும் தினமும் காலையில் ஒரு சுழி இருக்கும். வெண்காடர் அதன் முன் அமர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு விரலைப் பிடிப்பதுபோல் கையைக் குவித்து, மிச்ச எழுத்தை மெல்ல எழுதிமுடிப்பார். எழுதும்போது அவர் உள்ளங்கை குளிரும். கையை எடுக்கமாட்டார்.

தேறிய பிள்ளைகளை மட்டும் எண்ணி ஓர் ஆசிரியரைப் போற்றக் கூடாது, அவர் கைவிட்ட பிள்ளைகளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பதே இக்கதையின் நீதி.

வந்தவர் பதினொருவர், போட்ட தட்டு பன்னிரண்டு, மீதி ஒன்று.