உப்பள இழை, சுனை இழை

"என் வேலையில எங்கேயோ தப்பு நடந்திருக்கு, மேடம்," என்றார் கோமதிநாயகம்.

பள்ளியில் தாவரவியல் ஆசிரியர் அவர். நாற்பத்தாறு வயதில் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு வந்தவர். சனி, ஞாயிறுகளில் தன் வழிகாட்டி பேராசிரியர் ஹெப்சிபாவின் ஆய்வுக்கூடத்தில்தான் இருப்பார்.

நீலப்பச்சைப் பாசி என்றால் ஹெப்சிபாவைத்தான் கேட்பார்கள். உப்பளத்தில் படரும் ஓர் இழைப்பாசியை இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் கண்டுபிடித்துப் பெயர் சூட்டியவர். மலைச் சுனையில் வளரும் இழையும் அதுவேதான் என்று அவர் எழுதியிருந்தார். அன்றிலிருந்து எல்லாரும் அப்படியே படித்தார்கள்.

"என்ன தப்பு?"

"கண்ணுக்கு ரெண்டு இழையும் ஒண்ணுதான். மரபணுவை ஒப்பிட்டா வேற வேறன்னு வருது. தூரத்துச் சொந்தம்கூட இல்ல போல."

"எத்தனை தடவை பார்த்தீங்க?"

"பதினோரு தடவை."

"பதினோரு தடவையும் பாசி பொய் சொல்லுச்சா?"



மூன்று வாரமாகப் பையிலேயே கிடந்த கட்டுரையைக் கோமதிநாயகம் எடுத்து நீட்டினார். மேடம் கோபித்துக்கொண்டால் பட்டம் போய்விடும். அதுகூடப் பரவாயில்லை, இவர் முகம் வாடினால் அதைப் பார்க்கத் தன்னால் முடியாது என்று நினைத்தார்.

ஹெப்சிபா நின்றபடியே படித்தார். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"'முன்பு சிலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதினர்.' யாரு இந்தச் சிலர்?"

"அது... பொதுவா எழுதினது, மேடம்."

ஹெப்சிபா பேனாவைத் திறந்தார். 'சிலர்' என்பதை அடித்தார். மேலே தன் முழுப் பெயரை எழுதினார். பக்கத்தில் ஆண்டு. 'கருதினர்' என்பதையும் அடித்துவிட்டு, 'தவறாகக் கருதினார்' என்று எழுதினார்.

"ஐயோ, வேண்டாம் மேடம்!"

ஹெப்சிபா அதற்குள் அலமாரிப் பக்கம் போய்விட்டார். சுனை இழை வளரும் குழாயை எடுத்தார். அதில் உப்பள இழையின் பெயரை அவரே எழுதிய ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பழைய பசை, எளிதில் வரவில்லை. நகத்தால் சுரண்டிச் சுரண்டி உரித்தெடுத்தார்.

பிறகு ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, நுண்ணோக்கியில் குனிந்தார்.

கோமதிநாயகம் தீர்ப்புக்குக் காத்திருப்பவர் போல நின்றார். ஹெப்சிபா நிமிரவே இல்லை.

"மேடம்... வருத்தமா இருக்கா?"

குமிழைத் திருப்பும் விரல்கள் மட்டும் மெல்ல அசைந்தன.

"இந்தப் புது இனத்துக்கு உங்க பேரையே வைக்கணும்னு ஆசைப்படறேன், மேடம்."

"ஷ்ஷ்," என்றார் ஹெப்சிபா, கண்ணை எடுக்காமல். "முதல்ல பார்க்க விடுங்க. இப்பத்தானே இதைப் பார்க்கிறேன்."