பதுவா நகரத்து ஈரச் சுவர்

ராஜா கதையா, நரிக் கதையா என்று என்னிடம் கேட்காதீர்கள். இன்றைக்கு ஒரு சுவரின் கதைதான். வெகு காலத்துக்கு முன்னால், இத்தாலி தேசத்தில், பதுவா நகரம். தெருவுக்கொரு கோயில், கோயிலுக்கொரு மணி. எல்லாம் சேர்ந்து அடித்தால் காது கிழிந்துவிடும்!

அங்கே ஆற்றங்கரையில் புதிதாக ஒரு மாதா கோயில் எழும்பியது. அதற்கு ஆற்று மணலைக் கூடை கூடையாகச் சுமந்தவர்கள் மூன்று சலவைக்காரிகள். கூலி வாங்கவில்லை. "மாதா காலடியில எங்க முகம் இருந்தாப் போதும்" என்றார்கள். "கட்டாயம் வரைகிறேன்" என்று வாக்குக் கொடுத்தாள், கோயில் சுவரில் மாதா படம் வரைய வந்திருந்த ஓவியக்காரி நெல்லா.

அந்த ஊர்ச் சுவரோவியம் எப்படித் தெரியுமா? சுண்ணாம்புச் சாந்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் வரைந்துவிட வேண்டும். ஈரச் சுவர் சாயத்தைக் குடித்துக்கொள்ளும், பிறகு தேய்த்தாலும் போகாது. காய்ந்த சுவரில் வரைந்தால் சாயம் சும்மா மேலே ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். நெல்லா ஈரத்திலேயே மூவரையும் வரைந்து முடித்தாள்.

மறுவாரம் வந்தான் கம்பளி வியாபாரி ஒர்சோ. கோயிலுக்குக் கூரை போட்டுக் கொடுத்தவன். அதை ஊரில் ஒருவர் விடாமல் எல்லாரிடமும் சொல்லியும் முடித்தவன்.

"இந்த அழுக்குமூட்டைக்காரிகள் எதற்கு? அவர்களை மறைத்து என்னை வரை."

"சுவர் காய்ந்துவிட்டது ஐயா. இனி வரைந்தால் நிற்காது."

"சாக்குச் சொல்லாதே! மறுத்தால் இந்த ஊரில் நீ தூரிகையே தொட முடியாது."

கொடுத்த வாக்கு போகிறதே என்று நெல்லா தயங்கினாள். ஆனாலும் வரைந்தாள்.

மறுநாளும் வந்தான். "நான் இவ்வளவு குள்ளமா? மாதா உயரத்துக்கு வரை."

"நிற்காது ஐயா."

"வரை!" வரைந்தாள்.

மூன்றாம் நாள், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வேண்டுமாம். அட, ஆசையைப் பாருங்கள்!

"நிற்கவே நிற்காது ஐயா" என்றாள் நெல்லா, இந்த முறை சிரிப்பை அடக்கிக்கொண்டு. "வரை!" என்றான். தாராளமாக வரைந்தாள்.

திருவிழா வந்தது. ஊரே கூடியது. ஊரின் தலைமைக் குருவான ஆயர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"இவர் எந்தப் புனிதர்? முகமெல்லாம் ஒரே தூசியாக இருக்கிறதே."

"நான்தான் ஆண்டகையே!" ஓடி வந்த ஒர்சோ, தன் வெல்வெட் சட்டைக் கையால் சுவரை ஒரு துடை துடைத்தான். ஒளிவட்டம் சட்டைக்கு வந்துவிட்டது. பதறிப்போய் இன்னொரு துடை, மூக்கு போயிற்று. மூன்றாவது துடையில் ஆளே காணோம்!

அவன் இருந்த இடத்தில், மாதா காலடியில், மூன்று சலவைக்காரிகளும் பளிச்சென்று உட்கார்ந்திருந்தார்கள். ஊர் சிரித்த சிரிப்பில் அன்றைக்கு மணிச்சத்தமே கேட்கவில்லை.

கூட்டத்திலிருந்து மூத்த சலவைக்காரி முன்னால் வந்து பணிவாகக் கையை நீட்டினாள். "சட்டையைக் கழட்டிக் குடுங்க ஐயா. உங்க மூக்கு அதுல ஊறிப்போறதுக்குள்ள துவைச்சுத் தர்றோம்."

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: அடுத்தவரை மறைத்துத் தான் தெரிய நினைக்கிறவன், கடைசியில் தன் கையாலேயே தன்னை அழித்துக்கொள்வான்.