கழிமுகத்து நண்டின் வலக்கை

நண்டுக்கும் மனிதனுக்கும் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், கழிமுகத்து நண்டுக்கு இரண்டு கையும் ஒரே அளவாகத்தான் இருந்தன. இரண்டும் சின்னக் கைகள். சேற்றை அள்ளி வாயில் போட அவை தாராளமாகப் போதும்.

ஆறு கடலில் சேரும் அந்த இடத்தில் தண்ணீருக்கடியில் ஒரு மணல்திட்டு உண்டு. உள்ளே ராஜாவின் கப்பல் துறை. வெளியிலிருந்து வரும் போர்க்கலம் எதுவானாலும் அந்தத் திட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். திட்டின் மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று கப்பலில் இருப்பவனுக்குத் தெரியாது. சிவத்தானுக்குத் தெரியும். சிவத்தான் என்பது அங்கே குடியிருந்த ஒரு நண்டு. திட்டை ஒட்டிய கரைச் சேற்றில் காலை ஊன்றிக்கொண்டு தண்ணீரின் அழுத்தத்தை வைத்தே ஆழத்தைச் சொல்லிவிடுவான். அவனுடைய குரல் கப்பல் வரைக்கும் எட்டாது, அதனால் கைச்சாடை. வலக்கையைத் தூக்கினால் ‘வா’. நெஞ்சோடு மடக்கினால் ‘வராதே’. மூன்றாவது சாடை கிடையாது, அதற்குத் தேவையும் வரவில்லை. அந்தக் காலத்துப் போர்க்கலங்கள் தென்னங்கயிற்றால் பலகை தைத்த லேசான கலங்கள். இரண்டு முழம் தண்ணீர் இருந்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

இப்படியே நன்றாகப் போய்க்கொண்டிருக்கையில், கடலுக்கு அக்கரை ராஜா ஓர் உயரமான கப்பல் கட்டினான். அதன் மேல்தட்டில் நின்று கீழே இருந்தவர்கள் தலையில் அம்பு மழை பொழிந்தான். நம் ராஜா உயிர் தப்பி வந்தார். வந்ததும் வராததுமாக ஓடாவி வீரணனைக் கூப்பிட்டு, அதைவிட ஒரு தட்டு உயரமாகத் தனக்கு வேண்டும் என்றார். ஓடாவி என்றால் கப்பல் கட்டுகிறவர். வீரணன் அந்தத் தொழிலில் கெட்டிக்காரர், ராஜாவிடம் மறுத்துப் பேசுவதில்தான் அவ்வளவு கெட்டிக்காரரில்லை.

ஒரு தட்டு ஏறியது. அப்புறம் கல் எறியும் பொறி வேண்டுமென்றார் ராஜா. அணியத்தில், அதாவது கப்பலின் முகத்தில், எதிரிக் கலத்தை இடித்துப் பிளக்க இரும்பு மூக்கு வேண்டுமென்றார். மேலே பாரம் ஏற ஏறக் கப்பல் குடை சாயும். சாயாமலிருக்க அடிமரத்தை ஆழமாக இறக்கி, வயிற்றில் கல் நிரப்ப வேண்டியதாயிற்று. கடைசியில் வீரணன் முழங்கால் சேற்றில் நடந்து சிவத்தானிடம் வந்து நின்றார்.

“கப்பல் தண்ணிக்குள்ள நாலு முழம் இறங்கியிருக்கு. திட்டைத் தாண்டுமா?”

“கடல் தண்ணி ஏறுற ஏற்றம் உச்சியில இருக்கறப்ப தாண்டும் ஓடாவியாரே. ஒரு நாழிகை தவறினாலும் தட்டும். பழைய கலம் மாதிரி நெனச்ச நேரத்துக்கு வர முடியாது.”

கப்பலோட்டும் மீகாமன் திரையன் கவலைப்பட்டார். நாலு நாள் தொலைவில் கடலில் இருக்கும்போது வீட்டுக் கழியில் ஏற்றமா வற்றமா என்று எப்படித் தெரியும்? தெரிந்தால்தானே நேரம் பார்த்து வந்து சேரலாம். நண்டுக்குத் தெரியும் என்றார் வீரணன். நண்டை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அதன் உடம்புக்குள் அது பிறந்த கழியின் தண்ணீர்தான் ஏறி இறங்கும். ஆனால் சிவத்தான் போய்விட்டால் இங்கே நின்று சாடை காட்ட யார் இருக்கிறார்கள்?

அப்போது சிவத்தான் ஒரு வார்த்தை சொன்னான். ஊரே தன்னைச் சுற்றி நின்று யோசனை கேட்கிறதே என்ற மிதப்பில் வந்த வார்த்தை.

“எம் பொண்டாட்டி உப்பாயி இருக்கா. என்னைவிட நல்லா சொல்லுவா. கூட்டிட்டுப் போங்க.”

உப்பாயியை ஒரு சொல் கேட்கவில்லை அவன். அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவனை ஒருமுறை பார்த்தாள். எத்தனை நாள் என்று மட்டும் மீகாமனிடம் கேட்டாள். மூன்று மாதம் என்றார். அறுபது பேர் போகிற கப்பல், திட்டில் மோதினால் அறுபது பேரும் போய்விடுவார்களே என்று நினைத்தாளோ என்னவோ, சரி என்றாள். வீரணன் ஒரு மண்பானை கொண்டு வந்தார்.

“எங்க வாசல் சேறா போடுங்க. வேற மண்ணு எனக்கு ஒத்துக்காது,” என்றாள். பானைக்குள் இறங்கும்போது சிவத்தானிடம், “வாசலை அடைச்சிராதீங்க. நான் வந்தா தட்டிக்கிட்டு நிக்க முடியாது,” என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது.

கப்பல் ஏற்றத்தின் உச்சியில் திட்டைத் தாண்டி வெளியே போனது. கரையில் கொட்டு முழக்கம். சிவத்தானும் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு பெருமையாகத்தான் நின்றான். கப்பல் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் கையை இறக்கி, தனியாக வளைக்குத் திரும்பினான். மூன்று மாதமும் வளையின் வாசலைத் திறந்தே வைத்திருந்தான். ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே புகுந்து சுவரையெல்லாம் கரைத்துவிட்டுப் போகும். மறுபடி கட்டுவான். அவள் உடம்பிலும் இதே தண்ணீர்தான் இப்போது ஏறுகிறது என்று நினைத்துக்கொள்வான். அது ஒன்றுதான் ஆறுதல்.

ஒரு நாள் காலையில் கப்பல் வந்தது. ஒரு பாய் கிழிந்து தொங்கியது. பின்னால் அக்கரை ராஜாவின் மூன்று கப்பல்கள் விரட்டி வந்தன. கழியிலோ அடிவற்றம், தண்ணீர் மிகக் குறைந்து நிற்கும் நேரம்.

வீரணன் ஓடிவந்து சிவத்தானின் பக்கத்தில் நின்றார். சிவத்தான் சேற்றில் காலை ஊன்றிப் பார்த்தான். இரண்டரை முழம். பழைய கலமாக இருந்தால் இந்நேரம் உள்ளே வந்து நங்கூரம் போட்டிருக்கும்.

கப்பல் திட்டுக்கு வெளியே தயங்கி நின்று, அவன் கையைப் பார்த்தது. அணியத்தில் பானை தெரிந்தது. பானையின் விளிம்பில் உப்பாயி ஏறி நின்றாள். மூன்று மாதமாக அவன் பார்க்காத உருவம். அவனுடைய வலக்கை தானாக மேலே கிளம்பியது. பாதி உயரம் வந்துவிட்டது. வந்துவிடட்டும், எப்படியாவது வந்துவிடட்டும் என்று உள்ளே ஒன்று கத்தியது. சிவத்தான் இடக்கையால் வலக்கையை எட்டிப் பிடித்தான். பிடித்து இழுத்து நெஞ்சோடு மடக்கிக்கொண்டான்.

உப்பாயியும் அங்கே தன் கையை மடக்கிக் காட்டினாள். தன் புருஷன் சொல்வது சரி என்று மீகாமனுக்குச் சொன்னாள் போலும். கப்பல் மெல்லத் திரும்பியது. வந்த வழியை விட்டு, தெற்கே ஆழ்கடலைப் பார்த்துப் போனது. மூன்று கப்பல்களும் பின்னாலேயே போயின.

உச்சிவேளையில் தண்ணீர் ஏறியது. மூன்று முழம், மூன்றரை, நாலேகால். அந்தப் பெரிய கப்பலே தாண்டிவிடுகிற அளவுக்குத் தண்ணீர். தண்ணீரை அவன் அதற்கு முன் இத்தனை வெறுத்ததே கிடையாது. கையைத் தூக்கியபடி அந்த ஏற்றம் முழுவதும் நின்றான். ஒரு பாயும் தெரியவில்லை.

“நில்லுன்னு சொல்ல எங்கிட்ட ஒரு சாடை இல்லாமப் போச்சே ஓடாவியாரே,” என்றான். “வா, இல்லன்னா வராதே. இவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. கொஞ்சம் சுத்திட்டு வாங்க, தண்ணி ஏறிடும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திரும்பி வந்திருப்பாங்களோ?”

“அவளுக்குத் தண்ணி நேரம் தெரியும்டா. சொல்லியிருப்பா.”

“தெரியும். எம் மனசு கேக்கலையே.”

மறுநாள் வற்றத்தில் அவனாகவே ஒரு புதுச் சாடை செய்தான். வலக்கையை வெளியே நீட்டி, மேலே தூக்கி, தன் பக்கமாக இழுத்து இறக்கினான். மறுபடியும் நீட்டினான். நில்லு, போயிடாத, தண்ணி வருது. கடலைப் பார்த்து நாள் பூராவும் இதையே செய்தான். அந்தக் கப்பல் மூழ்கியதா, பிடிபட்டதா, வேறு துறைமுகம் சேர்ந்ததா, ஒருவருக்கும் தெரியாது.

பெரிய கப்பல்களுக்கு இந்தக் கழி ஆகாது என்று ராஜா ஆழமான வேறு துறைக்குப் போய்விட்டார். வீரணனும் கிளம்பினார். கிளம்பும்போது பானையோடு வந்து, உன்னையும் கூட்டிப் போகிறேன் வா என்றார்.

“அவ இங்கதானே வருவா,” என்றான் சிவத்தான். கை நிற்கவில்லை.

ஓயாமல் ஆட்டி ஆட்டி அந்தக் கை பருத்தது, சிவந்தது, உடம்பளவு ஆனது. இடக்கை பழையபடி சேறு அள்ள மட்டும் சின்னதாகவே நின்றுவிட்டது. உப்பாயி போகுமுன் பிறந்திருந்த மகன்கள் அப்பாவைப் பார்த்து ஆட்டக் கற்றார்கள். மகள்களுக்கு அம்மாவைப் போல இரண்டும் சின்னக் கைகள்.

இன்றைக்கும் தண்ணீர் வற்றியதும் கழிச்சேற்றில் ஆண் நண்டுகள் ஒற்றைப் பெருங்கையைத் தூக்கித் தூக்கிக் காட்டுவது அன்று தொடங்கியதுதான். ஏற்றம் வந்ததும் அவை வளைக்குள் இறங்கி, ஓர் உருண்டை மண்ணால் வாசலை அடைத்துக்கொள்வதும் அன்று முதல்தான். அடைக்காதே என்று உப்பாயி சொல்லியிருந்தும், கப்பல் வராத நிறைந்த தண்ணீரைப் பார்க்க அவற்றால் முடிவதில்லை.